ஏற்றத்தோடு போய் வற்றத்தோடு திரும்ப: சுண்ணாம்பாறு முதல் உப்பனாறு வரை துடுப்பும் தூண்டிலும்

பாண்டியிலிருந்து கடலூர் போகும் சாலையில் சுமார் 25 கிலோமீட்டருக்குள் ஐந்து ஆறுகள் குறுக்கிடுகின்றன. முதலில் அரியாங்குப்பம் ஆறு, அடுத்து நோணாங்குப்பத்தில் சுண்ணாம்பாறு. இரண்டும் சங்கராபரணி பிரிந்து வந்த கிளைகள்தான். பிறகு தென்பெண்ணை, கடலூருக்குள் கெடிலம், முதுநகர்ப் பக்கம் உப்பனாறு. பாலத்தின் மேல் பேருந்து போகும்போது எட்டிப் பார்த்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று சட்டென்று சொல்ல முடியாது. காலையில் கிழக்கே ஓடியது மதியம் மேற்கே ஓடிக்கொண்டிருக்கும். இங்கே துடுப்புப் படகு இறக்குகிறவர் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். கடல் ஏறி இறங்குவதற்குத் தகுந்தபடி நடக்கும் கழிகள் இவை. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடும் ஆறு என்று நினைத்து இறங்கினால் போன வழியில் திரும்ப முடியாமல் நிற்க வேண்டிவரும்.

ஏற்ற வற்றக் கணக்கு

இந்தக் கரையில் ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஓர் உச்ச ஏற்றத்துக்கும் அடுத்ததுக்கும் இடையில் ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம். ஆகவே இன்று காலை 7 மணிக்கு உச்சம் என்றால் நாளைக்குச் சுமார் 7.50க்கு, நாளை மறுநாள் 8.40க்கு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய இரண்டு மூன்று நாட்களில் ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம், இழுப்பும் அதிகம். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் தண்ணீர் சோம்பலாக இருக்கும். துடுப்பு பழகுகிறவர்களுக்கு அஷ்டமி நாட்கள்தான் நல்ல நாட்கள். பஞ்சாங்கம் இதைச் சொல்லாது.

நேரத்துக்கு இன்காய்ஸ் (இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம்) இணையதளம் அல்லது ஏதாவது ஒரு ஏற்றவற்றச் செயலி போதும். புதுச்சேரிக்கென்று தனியாகக் கிடைக்காவிட்டால் சென்னைத் துறைமுகத்தின் நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அது கடலோர நேரம். ஆற்றுக்குள் போகப் போக உச்சம் பிந்தி வரும். எவ்வளவு பிந்தும் என்பது முகத்துவாரம் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. மணல் அடைத்த மாதத்தில் ஒரு கணக்கு, மழைக்குப் பின் வேறு கணக்கு. இதற்கு ஒரே வழி குச்சிதான். ஒன்றரை மீட்டர் மூங்கிலில் 10 செ.மீ.க்கு ஒரு கோடு போட்டு, படகு இறக்கும் இடத்தில் நட்டுவிட்டு, கால்மணிக்கு ஒருமுறை பார்த்து எழுதுங்கள். இரண்டு கோட்டுக்கு நடுவில் தண்ணீர் அசையாமல் நிற்கும் நேரம்தான் அந்த இடத்தின் உச்சம். செயலி சொன்ன நேரத்தோடு உள்ள வித்தியாசத்தைக் குறித்துக்கொண்டால் அந்த மாதம் முழுக்க உதவும்.

தண்ணீர் ஒரே சீராக ஏறாது. 72 செ.மீ. ஏற வேண்டுமென்றால் முதல் மணியில் 6 செ.மீ., இரண்டாம் மணியில் 12, மூன்றிலும் நான்கிலும் 18 வீதம், ஐந்தில் 12, ஆறில் 6 என்று ஏறும். வற்றும்போதும் இதே கணக்கு. மூன்றாம், நான்காம் மணியில்தான் இழுப்பு உச்சத்தில் இருக்கும். புதிதாகத் துடுப்பு வலிக்கிறவரின் வேகம் மணிக்கு 4 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், எதிரே 3 கிலோமீட்டர் வேகத்தில் வற்று இழுக்கும்போது கரையை வைத்துப் பார்த்தால் அவர் நகர்வது மணிக்கு 1 கிலோமீட்டர்தான். கை ஓய்ந்தால் அதுவும் இல்லை.

ஆகவே திட்டம் இது: உச்சத்துக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் இறங்கி, ஏற்றத்தோடு மேற்கே, ஆற்றுக்குள் போக வேண்டும். தண்ணீர் நிற்கும் அரைமணியில் தூண்டில். வற்று தொடங்கிய முதல் ஒன்றரை மணிக்குள் இறங்கிய இடத்துக்கு வந்துவிட வேண்டும். அதற்கு மேல் தங்கினால் இரண்டு தொல்லை. ஒன்று, கரையோரச் சேறு வெளியே தெரியத் தொடங்கி, படகுக்கும் கரைக்கும் நடுவே முழங்கால் ஆழச் சகதி வந்துவிடும். இரண்டு, இழுப்பு முகத்துவாரத்தை நோக்கிப் போகும்.

காற்று

ஜனவரி முதல் மார்ச் வரை விடியற்காலையில் காற்று அடங்கி இருக்கும். படகுக்கு இதுதான் சீசன். வெயில் ஏறியதும் கடற்காற்று கிளம்பும். பல நாட்களில் பதினொரு மணிக்கு மேல் ஆற்றின் மேல் சிற்றலை எழும்பத் தொடங்கிவிடும். கிழக்கிலிருந்து வரும் காற்று படகை உள்ளே தள்ளும், அதனால் களைப்புதானே தவிர ஆபத்து குறைவு.

பயப்பட வேண்டியது கச்சானுக்கு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காலையில் வீசும் மேற்குக் காற்று கரையிலிருந்து கடலுக்குத் தள்ளும். கரையோரம் மரம் மறைப்பதால் தண்ணீர் எண்ணெய் ஊற்றியது போல இருக்கும், நடு ஆற்றுக்கு வந்த பிறகுதான் காற்று தெரியும். கச்சானும் வற்றும் ஒரே நேரத்தில் சேர்ந்தால் படகு எந்தப் பக்கம் போகும் என்று சொல்லத் தேவையில்லை. அந்த மாதங்களில் உச்ச வற்றம் காலை 9 முதல் 11 மணிக்குள் வரும் நாட்களை விட்டுவிடுங்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேண்டவே வேண்டாம். கடலூரிலும் புதுச்சேரியிலும் துறைமுகத்தில் ஒன்றாம் எண் கூண்டு ஏற்றினாலே படகு வீட்டில் இருக்கட்டும். இந்த ஆறுகளின் வெள்ளம் இங்கே பெய்யும் மழையால் மட்டும் வருவதில்லை. சங்கராபரணிக்கு வீடூர் அணை, பெண்ணைக்குச் சாத்தனூர் அணை. 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் கரை கடந்த பிறகு, சாத்தனூரிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட்டார்கள்; கடலூர் கரையோர ஊர்களுக்குள் பெண்ணை புகுந்தது. வானம் வெளுத்திருக்கிறதே என்று இறங்குவது இதனால்தான் தவறு. அணை திறப்பு அறிவிப்பு வந்தால் ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள். வெள்ளம் வடிந்த பிறகும் முள்மரம், அறுந்த வலை, கொட்டாய்த் தகரம் எல்லாம் தண்ணீருக்குள் கிடக்கும். போன வருஷம் பழகிய ஆழம் இந்த வருஷம் இருக்காது.

எங்கே இறங்கலாம்

புதியவர்களுக்குச் சுண்ணாம்பாறு. நோணாங்குப்பத்தில் படகுக் குழாம் இருக்கிறது; பாரடைஸ் பீச்சுக்குப் போகும் மோட்டார் படகுகள் அங்கிருந்துதான் கிளம்பும். அந்தப் படகு வழியில் துடுப்புக்காரருக்கு வேலை இல்லை. பாலத்துக்கு மேற்கே, ஆற்றுக்குள் போகும் பகுதிதான் அமைதி. குழாமின் எல்லைக்குள் சொந்தப் படகு இறக்குவதானால் அலுவலகத்தில் கேட்டுவிட்டு இறக்குங்கள். மோட்டார் படகின் அலை வந்தால் பக்கவாட்டில் வாங்கக் கூடாது. அணியத்தை (படகின் முன்முனையை) அலையை நோக்கித் திருப்பி, துடுப்பைத் தண்ணீரிலேயே வைத்துக்கொள்ள வேண்டும்.

அரியாங்குப்பம் ஆறு அழகு அதிகம், கவனமும் அதிகம் வேண்டும். ரோமானியர் காலத்து வணிகத் துறையான அரிக்கமேடு இந்த ஆற்றின் தென்கரையில்தான் இருக்கிறது. 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த இடம். கரையில் ஏறி ஓடு பொறுக்காதீர்கள், அது பாதுகாக்கப்பட்ட இடம். அங்கிருந்து கிழக்கே போனால் தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகம். விசைப்படகுகள் அதே முகத்துவாரம் வழியாகத்தான் போய் வரும், அவற்றால் உங்களுக்காக ஒதுங்க முடியாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும், அப்போது போக்குவரத்து குறைவு. அதற்காகத் துறைமுகத்துக்குள் நுழைய வேண்டாம். கட்டிய கயிறுகளும் டீசல் படலமும்தான் மிச்சம்.

கடலூரில் உப்பனாற்றின் தென்பகுதியில், சிப்காட் ஆலைகள் கரையில் நிற்கும் இடத்தில், தூண்டில் போட்டுச் சாப்பிடும் எண்ணம் வேண்டாம். கெடிலத்திலும் நகரச் சாக்கடை சேரும் இடங்களை விட்டு விலகியே இருங்கள். மழை பெய்து மூன்று நாள் வரை எந்த நகர ஆற்றிலும் காலில் புண்ணோடு இறங்காதீர்கள். எலிக்காய்ச்சல் தண்ணீரில்தான் வருகிறது. பெண்ணையில் கோடையில் பாதிக்கு மேல் மணல், தாழங்குடா பக்கம் முகத்துவாரத்தை ஒட்டித்தான் தண்ணீர் தேங்கி நிற்கும்.

பிச்சாவரம் வேறு விஷயம். சுமார் 1,100 ஹெக்டேர் அலையாத்திக் காடு, அதிலும் காப்புக்காடு. அங்கே சுற்றுலாத் துறைப் படகில் ஏறி, படகோட்டி வலிக்க, வேடிக்கை பார்த்துவிட்டு வருவதுதான் முறை. படகோட்டி குறுகலான வாய்க்காலில் துடுப்பை எப்படித் திருப்புகிறார் என்று கவனித்தால் டிக்கெட் காசுக்கு மேல் கற்றுக்கொள்ளலாம்.

எந்த முகத்துவாரத்தையும் தாண்டாதீர்கள். அங்கே வற்றும் கடலலையும் மோதும் இடத்தில் அலை செங்குத்தாக எழும்பும், அடியில் மணல் திட்டு இடம் மாறிக்கொண்டே இருக்கும். கட்டுமரத்தில் பிறந்து வளர்ந்தவர்களே நேரம் பார்த்துத்தான் தாண்டுகிறார்கள். அலைச் சத்தம் தெளிவாகக் கேட்கத் தொடங்கும் இடம்தான் திரும்பும் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மீனவக் குப்பத்துக் கரையில் இறக்குவதானால் முன்கூட்டியே யாரிடமாவது சொல்லுங்கள். இந்தக் கரையில் ஊர்ப் பஞ்சாயத்தின் பேச்சுக்கு மதிப்பு உண்டு. "அண்ணே, இங்க படகு எறக்கலாமா, வலை எங்க கட்டியிருக்கு?" என்று கேட்டால் வலை மட்டுமல்ல, நேற்று எங்கே மீன் துள்ளியது என்பதும் தெரியவரும்.

படகும் சாமானும்

ஒருவர் மட்டும் என்றால் மேலே உட்காரும் வகைக் கயாக் (இரு முனையிலும் இலையுள்ள துடுப்பால் வலிப்பது), 10 முதல் 11 அடி நீளம், குறைந்தது 30 அங்குல அகலம். உள்ளே உட்காரும் வகை தண்ணீர் புகுந்தால் ஆற்று நடுவில் இறைக்க முடியாது. இருவர் என்றால் 15, 16 அடிக் கேனோ (ஒற்றை இலைத் துடுப்பால் வலிப்பது). தாங்கும் எடை 180 கிலோ என்று எழுதியிருந்தால் ஆளும் சாமானும் சேர்த்து 120 கிலோவோடு நிறுத்துங்கள். முழு எடையையும் ஏற்றினால் படகு மிதக்கும், ஆனால் விளிம்பு தண்ணீரை ஒட்டி நிற்கும்; ஒரு மோட்டார் படகு அலை போதும்.

கயாக் துடுப்பு 230 செ.மீ. நீளம் பெரும்பாலானோருக்குச் சரி. தூண்டில்காரர்கள் இருக்கை உயரமாக வைப்பதால் 240கூட எடுக்கலாம். கேனோத் துடுப்பை நட்டு நிறுத்தினால் தாடைக்கும் மூக்குக்கும் நடுவே பிடி வர வேண்டும்.

லைஃப் ஜாக்கெட்டை மார்புச் சுற்றளவு பார்த்து வாங்குங்கள். எல்லா வாரையும் இறுக்கிய பிறகு இன்னொருவர் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கட்டும். காதைத் தாண்டி ஏறினால் அது பெரிது. தண்ணீரில் விழுந்தால் உங்களை விட்டுவிட்டு அது மட்டும் மிதக்கும். நீந்தத் தெரியும் என்பதற்காகக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வது பலரின் பழக்கம். மடியில் இருப்பது படகைத்தான் காப்பாற்றும்.

மற்றவை: கழுத்தில் விசில், ஜாக்கெட்டில் கத்தி (அறுந்த வலையில் சிக்கினால் அறுக்க), 15 மீட்டர் மிதக்கும் கயிறு, தண்ணீர் இறைக்க அடிப்பக்கம் வெட்டிய ஐந்து லிட்டர் கேன், ஆளுக்கு 2 லிட்டர் குடிதண்ணீர், தண்ணீர் புகாத பையில் போன். போனில் 112, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093, கடலோரக் காவல்படையின் 1554 மூன்றையும் பதிந்து வையுங்கள். காலுக்குத் தடித்த அடியுள்ள ஷூ. பாலத் தூணிலும் கல்லிலும் ஒட்டியிருக்கும் ஆளிச் சிப்பி பிளேடு போல அறுக்கும், செருப்பைச் சேறு பிடுங்கிக்கொள்ளும்.

நங்கூரம் ஒன்றரைக் கிலோ மடக்கு நங்கூரம் போதும். இரண்டு மீட்டர் ஆழத்துக்கு எட்டு மீட்டர் கயிறு விட வேண்டும். கயிறு குட்டையாக இருந்தால் நங்கூரம் சேற்றைக் கவ்வாமல் எழும்பி வரும். கட்டுவது அணியத்தில், அல்லது அமரத்தில் (பின்முனையில்). ஒருபோதும் பக்கவாட்டில் கட்டாதீர்கள். இழுப்பு படகை அகலவாக்கில் பிடித்து, கயிறு கட்டிய பக்கத்தைக் கீழே அழுத்தும். தண்ணீர் ஏறியதும் நிமிடத்தில் கவிழும். முடிச்சும் ஒரே இழுப்பில் அவிழ்வதாக இருக்கட்டும்.

வலிப்பது

தோளால் வலிக்காதீர்கள், இடுப்பால் வலியுங்கள். துடுப்பின் இலையைப் பாதத்துக்கு நேரே தண்ணீரில் முழுதாக அமிழ்த்தி, உடம்பைத் திருப்பி இழுத்து, இடுப்புக்கு நேரே வந்ததும் எடுத்துவிட வேண்டும். அதைத் தாண்டிப் பின்னால் கொண்டுபோனால் படகு முன்னே போவதற்குப் பதில் திரும்பும்.

கேனோவில் பின்னால் இருப்பவருக்குத்தான் திசை பொறுப்பு. அவர் வலது பக்கம் வலித்தால் அணியம் இடது பக்கம் திரும்பும். புதியவர்கள் இதைச் சரிசெய்ய இரண்டு வலிக்கு ஒருமுறை பக்கம் மாற்றுவார்கள், படகு பாம்பு போல வளைந்து போகும். அதற்கு மாற்று இது: வலி முடியும் இடத்தில் மேல்கையின் கட்டைவிரலைக் கீழ்நோக்கித் திருப்புங்கள். இலை விளிம்பில் நிமிர்ந்து நிற்கும். அப்படியே படகிலிருந்து வெளிப்பக்கமாக ஒரு சாண் தள்ளிவிட்டு எடுங்கள். அணியம் நேராகும். கட்டைவிரல் மேல்நோக்கித் திரும்பினாலும் படகு நேராகும், ஆனால் அது பிரேக் போட்டது போல வேகத்தைத் தின்றுவிடும்.

காற்றில் படகு சுற்றிச் சுற்றித் திரும்பினால் பாரத்தை மாற்றிப் பாருங்கள். எதிர்க்காற்றில் போகும்போது ஐஸ் பெட்டியும் பையும் முன்னால், பின்காற்றில் பின்னால். பாரம் இருக்கும் முனை தண்ணீரைக் கவ்வும், லேசான முனையைக் காற்று தள்ளும். கொடிக்கம்பத்தின் கதைதான்.

பாலத் தூண்களுக்கு நடுவே போகும்போது இழுப்பைக் கவனியுங்கள். தூணின் முன்பக்கம் தண்ணீர் குவிந்து, பின்பக்கம் சுழித்தால் உள்ளே போவதற்கு முன்பே நேர் கோட்டுக்கு வந்துவிட வேண்டும். தவறித் தூணில் பக்கவாட்டில் மோதினால் உடம்பு இயல்பாகத் தூணிலிருந்து விலகிச் சாயப் பார்க்கும். அப்படிச் சாய்ந்தால் இழுப்பு வரும் பக்கத்து விளிம்பு தாழ்ந்து தண்ணீர் உள்ளே ஏறும். தூணைக் கட்டிப்பிடிக்கிற மாதிரி அதன் பக்கமே சாயுங்கள், பிறகு கையால் தள்ளி நகருங்கள்.

ஆற்றின் குறுக்கே வரிசையாகத் தெர்மோகோல் துண்டோ பிளாஸ்டிக் பாட்டிலோ மிதந்தால் அது வலை. நடுவில் துடுப்புப் போட்டுத் தாண்டாதீர்கள். கடைசி மிதப்பைச் சுற்றிப் போங்கள், அல்லது துடுப்பை எடுத்துவிட்டு வேகத்தில் வழுக்கிப் போங்கள்.

கவிழ்ந்தால்

இதை முதலிலேயே, அஷ்டமி நாளில், இடுப்பளவுத் தண்ணீரில், ஏற்ற நேரத்தில் பத்துத் தடவை பழகிவிட வேண்டும். படகை விடாதீர்கள், அதுதான் பெரிய மிதவை. இழுப்பு வரும் பக்கத்தில் நீங்கள் இருக்க வேண்டும். படகுக்கும் தூணுக்கும் நடுவே மாட்டிக்கொள்ளக் கூடாது. கயாக்கை நிமிர்த்த, மேலே கையை நீட்டி எதிர்ப்பக்க விளிம்பைப் பிடித்து உங்கள் பக்கம் இழுங்கள். நிமிர்ந்ததும் கால்களை மீன் வால் போல அடித்துத் தண்ணீர் மட்டத்துக்குக் கொண்டுவந்து, வயிறு இருக்கையின் மேல் வரும்படி உந்துங்கள். பிறகு புரண்டு பிட்டத்தை இருக்கையில் வைத்து, கடைசியாகக் கால்களை உள்ளே எடுங்கள். பலர் தோற்பது காலைத் தொங்கவிட்டுக்கொண்டே கையால் மட்டும் ஏற முயல்வதால். படகு மறுபடி மேலே கவிழும்.

சேற்றில் கால் புதைந்தால் நின்று உருவாதீர்கள். படகின் மேல் வயிறு பட விழுந்து, பாரத்தைப் பரப்பி, ஒவ்வொரு காலாக மெல்லச் சுழற்றி எடுங்கள். கேனோ கவிழ்ந்து தண்ணீர் நிறைந்துவிட்டால் நடு ஆற்றில் ஏற முயலாமல் பிடித்துக்கொண்டே கரைக்கு நீந்துங்கள்.

தூண்டில்

படகில் நீளக் கோல் தொல்லை. ஐந்தரை முதல் ஆறு அடி போதும். கைத்தூண்டிலும் நன்றாக வேலை செய்யும். 0.25 மி.மீ. நரம்பு (தூண்டில் நூல்) கிழங்கான், ஊடான், மடவைக்கு, 0.40 மி.மீ.க்கு மேல் கொடுவாவுக்கும் செப்பிலிக்கும்.

அடிமீனுக்குக் கட்டும் முறை: நடுவில் துளையுள்ள 15 கிராம் ஈயக்குண்டை நரம்பில் கோத்து, அதன் கீழே சுழல்வளையம் கட்டி, வளையத்திலிருந்து 40 செ.மீ. நரம்பு விட்டுத் தூண்டில் முள்ளைக் கட்டுங்கள். ஈயம் நரம்பில் ஓடும், மீன் இழுக்கும்போது பாரம் தெரியாது. இழுப்பு அதிகமானால் 30 கிராம். சுழல்வளையம் இல்லாமல் கட்டினால் இறால் இரை இழுப்பில் சுழன்று பத்து நிமிடத்தில் நரம்பு முறுக்கேறிவிடும்.

முடிச்சில்தான் நிறைய மீன் போகிறது. முள்ளின் காதுக்குள் நரம்பை நுழைத்து, நுனியால் பெரிய நரம்பைச் சுற்றி ஐந்து சுற்று. காதை ஒட்டி ஒரு சிறு வளையம் திறந்திருக்கும்; நுனியை அதற்குள் நுழைத்து, அப்போது உருவான பெரிய வளையத்துக்குள்ளும் நுழையுங்கள். இழுப்பதற்கு முன் எச்சில் தொட்டு நனைக்க வேண்டும். உலர்ந்தபடி இழுத்தால் உராய்வுச் சூட்டில் நைலான் அந்த இடத்தில் வெளுத்து, பலம் குறைந்துவிடும். சுற்றுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் சுருள் கம்பி போல அடுக்கி நின்றால் சரி. ஏறியிருந்தால் வெட்டி மறுபடி கட்டுங்கள்.

இரைக்கு உயிர் இறால்தான் ராஜா. தலைக்குள் இருக்கும் கரும்புள்ளியில் முள் பட்டால் செத்துவிடும். வாலிலிருந்து இரண்டாம் கணுவில் மேலோட்டமாகக் கோத்துவிடுங்கள். வாளித் தண்ணீரில் நெருக்கி வைத்தால் மூச்சு முட்டிச் சாகும்; நனைத்த சாக்கில் பரப்பி, நிழலில் வைத்தால் இரண்டு மணி நேரம் துள்ளும்.

கிழங்கான் மணல் அடியில், ஏற்றம் மணல்திட்டின் மேல் ஏறும் முதல் இரண்டு மணியில் மேயும். 8 அல்லது 10ஆம் எண் முள், உரித்த இறாலில் சுண்டுவிரல் நகமளவு துண்டு. பெரிய துண்டு வைத்தால் கீச்சான் கூட்டம் கொத்தி முடித்துவிடும். கீச்சான் கடி தொடர்ந்து வந்தால் இடத்தை மாற்றுவதே மேல்.

மடவைக்கு இறால் வேண்டாம். அது பாசியும் சேறும் மேயும் மீன். மைதாவோடு கடலைப்பிண்ணாக்கைப் பிசைந்து பட்டாணியளவு உருண்டை, 12ஆம் எண் முள், மேலே சிறு தக்கை. வாய் மெல்லியது, வெடுக்கென்று இழுத்தால் கிழித்துக்கொண்டு போகும். தக்கை முழுதும் அமிழ்ந்து நகரும்வரை பொறுத்துவிட்டுக் கையை மெல்லத் தூக்கினால் போதும்.

கொடுவாவைத் தேட வேண்டியது நிழலில்: பாலத் தூண், அலையாத்தி வேர், பழைய படித்துறை. தண்ணீர் நின்று திரும்பும் அரைமணி, அதிலும் அது விடியலோடோ அந்தியோடோ சேர்ந்தால் வாய்ப்பு அதிகம். 2/0 அல்லது 3/0 முள், உயிர் இறால் அல்லது விரல் நீள மடவைக்குஞ்சு. முள்ளுக்கு மேல் 50 செ.மீ. நீளத்துக்கு 0.60 மி.மீ. நரம்பு கட்டாயம், செவுள் மூடியின் விளிம்பு சவரக்கத்தி, மெல்லிய நரம்பை ஒரு திருப்பில் அறுத்துவிடும். அதே காரணத்தால் செவுளில் விரல் விட்டுத் தூக்காதீர்கள். மீன் மாட்டியதும் தூணை நோக்கி ஓடும். படகை நங்கூரத்தில் நிறுத்தியிருந்தால் முதல் ஐந்து விநாடியில் கயிற்றிலேயே சுற்றிக்கொள்ளும். ஆகவே கயிற்று முடிச்சை அவிழ்த்து மிதப்போடு தண்ணீரில் விட்டுவிட்டு மீனைப் பின்தொடருங்கள். கொடுவா ஆணாக முதிர்ந்து, பெருத்த பிறகு பெண்ணாக மாறும் மீன். பெரியது எல்லாம் முட்டை போடும் தாய் என்பதால் பெரிதையும் ஒரு அடிக்குக் குறைந்ததையும் விட்டுவிட்டு நடுவாந்திரத்தை எடுப்பது ஆற்றுக்கு நல்லது.

எழுந்து நின்று வீசாதீர்கள், பக்கவாட்டிலும் வீசாதீர்கள். தலைக்கு மேலாக முன்பக்கம் மட்டும். இருவர் இருந்தால் ஒருவர் வீசும்போது மற்றவர் துடுப்போடு சும்மா இருக்க வேண்டும். படகிலிருந்து வீச்சுவலை எறிவதைப் பார்த்தால் சுலபமாகத் தெரியும். அது சின்ன வயதிலிருந்து பழகிய இடுப்புக்கு உரிய வேலை.

எடுக்கக் கூடாததும் தொடக் கூடாததும்

ஊதிப் பந்தாகும் பேத்தை தூண்டிலில் வந்தால் நரம்பை வெட்டி விட்டுவிடுங்கள். அதன் ஈரலிலும் சினையிலும் இருக்கும் நஞ்சு சமைத்தாலும் போகாது. மாற்று மருந்தும் இல்லை. கெளுத்திக்கு முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என்று மூன்று முள். தலைக்குப் பின்னால், பக்க முள் இரண்டும் விரல் இடுக்கில் வரும்படி பிடிக்கத் தெரியாவிட்டால் ஈரத் துணி போர்த்தி இடுக்கியால் கழற்றுங்கள். ஒரா மீனின் துடுப்பு முள்ளிலும் நஞ்சு உண்டு. ஆழமில்லாத இடத்தில் இறங்கி நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடந்தால் மணலில் புதைந்திருக்கும் திருக்கை விலகிப்போகும். இவற்றில் எது குத்தினாலும் பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் அரைமணி முதல் ஒன்றரை மணி வரை அமிழ்த்தினால் வலி அடங்கும். முள் உள்ளே முறிந்திருந்தாலோ வீக்கம் ஏறினாலோ மருத்துவமனைதான். நண்டு மாட்டினால் பின்னங்கால்களுக்குப் பக்கத்தில் ஓட்டைப் பிடித்துத் தூக்குங்கள். வயிற்றில் சினை ஒட்டியிருந்தால் ஆற்றிலேயே விடுங்கள்.

எடுக்கும் மீனை அப்போதே செவுளடியில் வெட்டி ரத்தம் வடியவிட்டு, மீன் எடைக்குச் சமமான ஐஸோடு வையுங்கள். ஐஸ் உருகிய தண்ணீரில் மீன் ஊறினால் சதை குழையும், ஆகவே பெட்டியின் அடித்துளையைத் திறந்து வைக்க வேண்டும். ஒன்பது மணி வெயிலில் படகின் தரையில் கிடந்த கிழங்கான் பதினொரு மணிக்குக் குழம்புக்கு ஆகாது.

அறுந்த நரம்பைத் தண்ணீரில் போடாதீர்கள், நீர்க்காகத்தின் காலிலும் இறக்கையிலும் சுற்றிக்கொள்ளும். கையில் எட்டு வடிவில் சுற்றிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் ரீலை உப்புப் போக நல்ல தண்ணீரில் கழுவுங்கள், ஆனால் குழாயை வேகமாகத் திறந்து பீய்ச்சினால் உப்பு உள்ளே போய்விடும். மெல்ல வழியும் தண்ணீரில் காட்டித் துடைத்து, கைப்பிடி மூட்டில் ஒரு சொட்டுத் தையல் மிஷின் எண்ணெய் விட்டு, இழுப்புத் திருகைத் தளர்த்தி வைத்தால் அடுத்த அஷ்டமிக்கும் சுற்றும்.